தண்ணீர்விட்டானும் தண்ணீர் விற்றானும்

(மன்றத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய பொழிவின் எழுத்து வடிவம்)



நம் மருத்துவர்கள் நன்கறிந்த கொடி ஒன்று உண்டு. தண்ணீர்விட்டான் என்பது அதன் பெயர். கொத்துக் கொத்தாய் மண்ணுக்குள் இறங்கி, சதைப்பற்றோடு நீர் நிறைந்திருக்கும் அதன் வேர்க்கிழங்கைக் கண்ட தமிழன் அப்பெயரை இட்டான் போலும். பொருளைக் கண்டு சொல்லைப் படைத்த நம் மொழியின் திறத்திற்கு அஃது ஓர் எடுத்துக்காட்டு. அக் கொடிக்கு ஓர் உடன்பிறப்பு மேலைநாடுகளில் உண்டு. அசுபாரகசு என்பர். அதன் இளந்தண்டை ஒடித்து வேகவைத்து உண்பது அமெரிக்கரும் ஐரோப்பியரும் விரும்பும் உணவு. அத் தண்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீரே.

அந்தத் தண்டு இன்று எங்கே பெருவாரியாக விளைகிறது? மழை கொழிக்கும் நிலத்திலா? இல்லை. உலகின் வறண்ட பாலைநிலங்களுள் ஒன்றில் விளைகிறது. அங்கே அதற்கு நீர் விட்டவர் யார், அந்நீரை விற்றவர் யார், விற்ற பின் குடத்தோடு நிற்பவர் யார் என்பதைச் சொல்வதே இன்று என் பொழிவின் நோக்கம். நாடு தொலைவில் உள்ளது. பாடம் நம் கிணற்றடியில் உள்ளது.

ஈக்காப் பள்ளத்தாக்கு

தென் அமெரிக்காவில், அமைதி மாகடலின் கரையோரம், பெரு என்றொரு நாடு. அதன் தலைநகர் இலீமாவிலிருந்து தெற்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில் இருப்பது ஈக்காப் பள்ளத்தாக்கு. அங்கே ஓராண்டில் பெய்யும் மழையைச் சில மில்லிமீட்டர்களில் எண்ணிவிடலாம். எங்கணும் மணற்குன்றுகள். எனினும் அங்கே பழங்காலந்தொட்டு மக்கள் உழுதுண்டு வாழ்ந்தனர். கிழக்கே ஆண்டீசு மலையில் பெய்யும் மழை, ஆண்டுத் தொடக்கத்தில் சில திங்கள் ஈக்கா ஆறாக இறங்கி வரும். அந்த வெள்ளத்தை வாய்க்கால்களில் திருப்பி, வரப்புயர்ந்த வயல்களில் தேக்குவர். தேங்கிய நீர் பயிருக்கு ஊட்டியது போக எஞ்சியது மண்ணுள் இறங்கும். அவ்வாறு நூற்றாண்டு நூற்றாண்டாய் இறங்கிச் சேர்ந்ததே ஈக்காவின் நிலத்தடி நீர். இங்காப் பேரரசன் ஒருவன் வெட்டுவித்ததாக மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் அச்சிரானா என்னும் கால்வாய் இன்றும் ஓடுகிறது.

சற்றுத் தெற்கே நாசுக்காவில் இன்னும் வியப்பான ஏற்பாடு ஒன்று உண்டு. நிலத்தடியில் சுருங்கை போல் வழி அமைத்து, ஊற்று நீரை மேட்டிலிருந்து பள்ளத்திற்குத் தானே ஓடி வரச் செய்துள்ளனர். இடையிடையே திருகு வடிவில் இறங்கும் வாய்கள். உள்ளிறங்கித் தூர் வாருவதற்காக. முப்பதுக்கும் மேற்பட்டவை இன்றும் நீர் தருகின்றன. அவற்றைப் பூக்கியோ என்பர். அவ் வட்டாரத்து முதுகுடிகளின் கெச்சுவா மொழியில் ஊற்று என்று பொருள்படும் சொல்லின் வழிவந்த பெயர் அது. பாலாற்று மணலில் ஊற்றுக்கால் வெட்டி நீர் கொணர்ந்த நம் தொண்டைநாட்டு உழவர்க்கு அச்சொல்லை விளக்க வேண்டுவதில்லை. ஊற்றுக்கால் தருமளவே நீர் கிடைக்கும். அதற்கு மேல் அதனிடம் பிடுங்க இயலாது. எனவே அங்கே அளவைக் காக்கச் சட்டம் வேண்டியிருக்கவில்லை. அமைப்பே சட்டமாய் இருந்தது.

நீரெக்கி வந்த பின்னர் அவ் வரம்பு உடைந்தது.

சட்டங்கள் வகுத்த பாதை

ஈக்காவின் மாற்றம் தற்செயலாய் நேர்ந்ததன்று. படிப்படியாகச் சட்டத்தால் செய்யப்பட்டது. 1969இல் பெருவை ஆண்ட வெலாசுக்கோ அரசு பெரும்பண்ணைகளைப் பறித்து உழவர்க்குப் பகிர்ந்தது. அதே ஆண்டில் நீர் அனைத்தும் அரசின் உடைமை, தனியார் உடைமை நீரில் இல்லை என்று சட்டம் இயற்றிற்று. 1975இல் கெச்சுவா மொழியை ஆட்சிமொழிகளுள் ஒன்றாக அறிவித்ததும் அவ்வரசே. நிலம், நீர், மொழி மூன்றும் மக்களுக்கு என்னும் அந்த எண்ணத்தை நம்மைப் போன்றோர் பாராட்டாதிருக்க இயலாது.

பின்னர் காற்று மாறி அடித்தது. 1991இல் ஒன்றிய அமெரிக்க நாடுகள், கொக்கைன் என்னும் போதைப்பொருளுக்கு மூலமான கோக்கா இலையைப் பயிரிடுவதைக் குறைப்பதற்கென்று, ஆண்டீசு நாடுகளின் விளைபொருள்களுக்குத் தீர்வை நீக்கும் சட்டம் கொண்டுவந்தன. அசுபாரகசு தீர்வையின்றி அமெரிக்கச் சந்தையில் நுழைந்தது. 1995இல் புசிமோரியின் ஆட்சி, ஒருவர் எவ்வளவு நிலம் வைத்திருக்கலாம் என்னும் உச்சவரம்பை எடுத்தெறிந்தது. 2000இல் வந்த வேளாண் ஊக்குவிப்புச் சட்டம், ஏற்றுமதிப் பண்ணைகளின் வருமான வரியைப் பாதியாக்கி 15 விழுக்காடு எனக் குறைத்தது. தொழிலாளர் உரிமைகளையும் சேர்த்தே குறைத்தது. தீர்வை இல்லை, வரம்பு இல்லை, வரி பாதி, கூலி சிறிது. இனி வேண்டுவது நீர் ஒன்றே. அது மண்ணுக்கடியில் இருந்தது. அதற்கு விலையே இல்லை எனலாம்.

பாலைநிலத்தில் பனிக்காலம் இல்லை. எனவே அங்கே அத் தண்டை ஆண்டு முழுதும் அறுக்கலாம். குளிர்நாடுகளில் விளையாத திங்கள்களிலும் வானூர்தியில் ஏற்றி அனுப்பலாம். அதனால் மணற்குன்றுகள் சமன் செய்யப்பட்டு ஆயிரக்கணக்கான எக்டேர் பசுமையாயின. பெரு நாடு உலகின் முதன்மையான அசுபாரகசு ஏற்றுமதி நாடுகளுள் ஒன்றாயிற்று. பெருவின் ஏற்றுமதித் தண்டில் மிகப்பெரும் பகுதி ஈக்காவில் விளைந்தது. பின்னர்க் கொடிமுந்திரியும் பிற பழங்களும் அவ்விடத்திற்கு வந்தன. வேலைவாய்ப்புப் பெருகிற்று என்பதும் மெய். அதை மறைத்துப் பேசுதல் முறையன்று.

ஆனால் கணக்கின் மறுபக்கத்தைப் பாருங்கள். ஒரு பொருளை விளைவிக்கச் செலவாகி, அப்பொருளோடு கண்ணுக்குத் தெரியாமல் நாடு கடந்து போகும் நீரை மறைநீர் என்கிறோம். நல்ல தமிழ்ச்சொல். மழை மிகுந்த நாடு தன் மழையைப் பொருளாக்கி விற்றால் அடுத்த ஆண்டு மழை அதை ஈடு செய்யும். மழையே இல்லாத நாடு, தன் முன்னோர் சேர்த்த நிலத்தடி நீரைப் பொருளாக்கி விற்றால் எது ஈடு செய்யும்? அது வருவாயைச் செலவிடுதல் அன்று, முதலை விற்றுண்ணுதல்.

ஈக்கா, வில்லாக்குரி, இலாஞ்சாசு என்னும் மூன்று நிலத்தடி நீர்ப்படுகைகளிலும் நிரம்புவதைவிட இறைப்பது மிகுதி என்று அந்நாட்டு நீர் ஆணையமே கணக்கிட்டது. 2010இல் வெளிவந்த ஆய்வறிக்கை ஒன்று, சில இடங்களில் நீர்மட்டம் ஆண்டுக்கு 8 மீட்டர் வரை இறங்கியது எனக் காட்டி உலகின் கண்ணைத் திறந்தது. ஊர் மக்களுக்குக் குடிநீர் தந்த கிணறுகளும் வற்றின. குடிக்கத் தண்ணீர் வண்டிக்காகக் காத்திருப்போர் ஒருபுறம். வேலிக்கப்பால் இரவும் பகலும் சொட்டுச் சொட்டாய் நீர் பெறும் பயிர் மறுபுறம்.

ஆழத்தின் ஆட்சி

இங்கே ஒன்றை நாம் தெளிவாக உணர்தல் வேண்டும். ஆற்றைத் தடுத்தால் எல்லாரும் காண்பர், கூச்சல் எழும். நிலத்தடி நீரைக் கவர்தலில் ஓசை இல்லை. சிற்றுழவன் கிணறு 20 மீட்டர், 30 மீட்டர் ஆழம் என்க. பக்கத்துப் பெரும்பண்ணை 100 மீட்டருக்கும் கீழே துளையிடுகிறது. நீர்மட்டம் இறங்குகிறது. சிற்றுழவன் கடன் வாங்கி ஆழப்படுத்துகிறான். பண்ணை மேலும் ஆழப்படுத்துகிறது. இந்தப் போட்டியில் வெல்பவன் நல்ல உழவன் அல்லன், பணமுள்ளவன். கடைசியில் வற்றிய கிணற்றோடு நிலத்தையும் விற்றுவிட்டு அதே பண்ணைக்குக் கூலியாய்ப் போகிறான் சிற்றுழவன். யாரும் அவனை அடிக்கவில்லை. யாரும் அவன் வரப்பை வெட்டவில்லை. ஆனாலும் அவன் நிலம் பறிபோயிற்று. ஆழம் என்னும் ஆட்சி இவ்வாறே நடக்கிறது.

"நாங்கள் சொட்டுநீர்ப் பாய்ச்சல் செய்கிறோம், பழைய உழவனோ வெள்ளமாய்ப் பாய்ச்சி வீணாக்குகிறான்" என்பது பண்ணையாளர் வழக்கு. கேட்பதற்கு முறையாகத் தோன்றும். ஆராய்ந்தால் வேறு. பழைய உழவன் வயலில் தேக்கிய ஆற்று வெள்ளத்தில் ஒரு பகுதி மீண்டும் நிலத்தடிக்கே இறங்கிற்று; அவன் வீணாக்கியதாகச் சொல்லப்படும் நீரே பண்ணையின் துளைக்கிணற்றில் ஊறியது. சொட்டுநீரோ நிலத்தடியிலிருந்து எடுக்கப்பட்டுப் பயிரின் வழியே காற்றில் கலக்கிறது. திரும்புவது மிகக் குறைவு. மேலும் சொட்டுநீரால் மிச்சமானதைப் பண்ணையார் மண்ணுள் விட்டு வைக்கவில்லை. அதைக் கொண்டு இன்னொரு மணற்குன்றைப் பயிராக்கினார். ஓர் எக்டேருக்குச் செலவு குறைந்தது. மொத்தச் செலவு கூடிற்று. சிக்கனக் கருவி இருந்தால் போதாது. மொத்த அளவுக்கு வரம்பு வேண்டும். வரம்பில்லாச் சிக்கனம் பேராசைக்கு ஏணி.

தடைச்சட்டம் ஏன் தோற்றது?

அரசு வாளாவிருந்ததா? இல்லை. இதுவே நாம் கற்க வேண்டிய முகாமையான பாடம். 2008இல் பெருவில் நாடளாவிய நீர் ஆணையம் அமைந்தது. 2009இல் புதிய நீர்ச்சட்டம் வந்தது. நீர் நாட்டின் உடைமை. முதற்கண் மாந்தரின் அடிப்படைத் தேவை, அடுத்து ஊர்களின் குடிநீர், அதன் பின்னரே விளைவிப்புத் தொழில் என அது வரிசைப்படுத்திற்று. ஈக்காப் பகுதியில் புதுக்கிணறு தோண்டுவதற்குத் தடை விதிக்கப்பட்டு, 2011இல் மீண்டும் உறுதி செய்யப்பட்டது. எழுத்தில் குறை காண இயலாத சட்டம்.

ஆயினும் இறைப்பு நின்றதா? நிற்கவில்லை. புதுக்கிணறுதானே தோண்டக்கூடாது? உரிமம் உள்ள பழங்கிணறுகளைச் சிற்றுழவரிடமிருந்து விலைக்கு வாங்கினர். அதன் நீரைக் குழாய் வழியே தொலைவிலுள்ள தம் பண்ணைக்குக் கொண்டு சென்றனர். பழங்கிணற்றை மாற்றுகிறோம் என்று ஆழக்கிணறு இட்டனர். உரிமம் இல்லாமலே தோண்டியவையும் பல. அளக்க வந்த அரசு ஆய்வாளர் பூட்டிய வாயிலின் முன் நின்று திரும்பிய நிகழ்வுகள் ஆய்வாளர்களால் எழுதப்பட்டுள்ளன. 2015இல் அரசே, இசைவின்றி நீர் எடுத்து வந்தோர் உரிமம் பெற்றுக்கொள்ள வழி திறந்துவிட்டது. தடையை மதித்தவன் ஏமாந்தான். மீறியவன் ஆவணம் பெற்றான். பெருநில உடைமையாளர் கூடி அமைத்த நிலத்தடி நீர்ப் பயனர் அவையோ வெள்ளக் காலத்தில் ஆற்றுநீரைக் குட்டைகளில் தேக்கி நிலத்துள் இறக்குகிறது. அது நல்ல பணியே. ஆனால் நீரை எடுப்பவரே அளப்பவராகவும் காப்பவராகவும் இருந்தால், அந்தக் கணக்கைப் பார்ப்பவர் யார்?

நீர் மக்கள் உடைமை என எழுதி வைத்தால் போதும், எல்லாம் நடந்துவிடும் என்று நம்புவோர்க்கு ஈக்கா விடை கூறுகிறது. 1969 முதல் அங்கே நீர் நாட்டுடைமையே. நாட்டுடைமை என்னும் பெயர்ப்பலகையின் கீழேதான் அது தனியுடைமை ஆயிற்று.

நீரும் இறங்கிற்று, மக்களும் இறங்கினர்

ஈக்காவில் நீர் குறைந்ததும் பார்வை மலைமேல் சென்றது. ஈக்காவுக்குக் கிழக்கே மலைமீது உள்ளது உவாங்காவெலிக்கா மண்டலம். பெருவின் மிக ஏழ்மையான மண்டலங்களுள் ஒன்று. கெச்சுவா மொழி பேசும் முதுகுடி மக்கள் அங்கே ஆடு, இலாமா, அல்பாக்கா மேய்த்து வாழ்கின்றனர். அம் மலையிலுள்ள சோக்லோகோச்சா ஏரியின் நீர் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதி முதலே ஈக்காவுக்குத் திருப்பப்பட்டு வந்தது. அதற்கு மேலும் நீர் திரட்ட இங்காவாசி என்னும் புதுக்கால்வாய் திட்டமிடப்பட்டது. அவ் வழியிலுள்ள கருவாஞ்சோ என்னும் சிற்றூர்க் குமுகத்தார், எங்கள் ஈரப்புல்வெளிகள் காய்ந்து போகும், கால்நடைகள் மடியும் என எதிர்த்தனர். 2007இல் இலத்தீன் அமெரிக்க நீர்த் தீர்ப்பாயம் என்னும் மக்கள் மன்றத்தின் முன் முறையிட்டனர். அம்மன்றம் அவர்கள் பக்கம் முறை உண்டெனக் கூறிற்று. அதன் தீர்ப்புக்கு ஆணையிடும் வலிமை இல்லை. ஆனால் உலகறியச் செய்யும் வலிமை இருந்தது. பின்னர் மலையும் சமவெளியும் ஒன்றாய் அமர்ந்து ஆற்றுப்படுகை மன்றம் காண இசையும் நிலை உண்டாயிற்று.

அந்த மலைமக்களின் இளைஞர் எங்கே? ஈக்காப் பண்ணைகளில் தண்டு அறுக்கின்றனர்! மலையிலிருந்து நீரும் இறங்கிற்று. அந்நீரைப் பின்தொடர்ந்து மக்களும் இறங்கினர். நீரை இழந்தவன், அந்நீர் விளைவித்த பயிருக்கே கூலியாளானான். ஊரில் கெச்சுவா பேசியவன், பண்ணைக் கண்காணியின் முன் இசுப்பானியம் பேசக் கற்றான். அவன் மொழி 1975 முதல் ஏட்டில் ஆட்சிமொழியே. ஆனால் நீர் உரிமத்துக்கான நடைமுறைகள் பெரும்பாலும் நடப்பது இசுப்பானியத்தில். தன் மொழியில் இல்லாத சட்டத்தை மாந்தன் எதிர்க்கவும் இயலாது, பயன்கொள்ளவும் இயலாது. மொழியும் நீரும் வெவ்வேறு போராட்டங்கள் என எண்ணுவோர் இதை நெஞ்சில் நிறுத்துக.

2020 நவம்பர் இறுதியில் ஈக்காப் பண்ணைத் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தனர். நாட்கூலி 39 சோல் அளவே. அதை 70 ஆக்குக, 2000ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்குக என்று நெடுஞ்சாலையை மறித்தனர். போராட்டம் வடக்கேயும் பரவிற்று. அங்கே வீரூவில் ஓர் இளைஞர் குண்டடிபட்டு இறந்தார். திசம்பர் முதற்கிழமையிலேயே நாடாளுமன்றம் அச்சட்டத்தை நீக்கியது. ஆண்டிறுதியில் புதுச்சட்டம் வந்தது. கேட்டது முழுதும் கிடைக்கவில்லை. எனினும் இருபதாண்டு அசையாதிருந்த சட்டத்தை ஒரு கிழமையில் அசைத்தவர் அந்தக் கூலியாள்களே. நீர்மட்டம் இறங்குவதை அளவுகோல்கள் பல்லாண்டாய்ச் சொல்லியும் அசையாத ஆட்சி, மக்கள் சாலையில் அமர்ந்ததும் அசைந்தது.

செல்வ நாட்டிலும் இதுவே

இஃது ஏழை நாட்டுச் சீர்கேடு எனக் கருதற்க. உலக வாதுமைப் பருப்பில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு விளைவித்து, அதில் பெரும்பகுதியை ஏற்றுமதி செய்வது கலிபோர்னியா. அங்கும் நிலத்தடி நீர் நிலமுடையோன் விருப்பம் போல் இறைக்கப்பட்டது. நீரை இழந்த மண் அமுங்கித் தரையே தாழ்ந்தது. வறட்சி வந்தபோது ஏழைகளின் வீட்டுக்கிணறுகள் முதலில் வற்றின. அதன் பின்னரே 2014இல் அங்கே நிலத்தடி நீருக்கென மாநிலம் தழுவிய சட்டம் பிறந்தது. ஒவ்வொரு படுகைக்கும் உள்ளூர் ஆணையம். மிகவும் சீரழிந்த படுகைகள் 2040க்குள் வரவும் செலவும் ஒத்த நிலையை எட்ட வேண்டும் என்பது அதன் ஆணை. செல்வமும் அறிவியலும் மிகுந்த நாட்டுக்கே காலம் கடந்துதான் அறிவு வந்தது.

நம் கிணற்றடிக்கு வருவோம்

பெருமக்களே! காவிரிக்காகவும் முல்லைப் பெரியாற்றுக்காகவும் நாம் கொடி பிடித்தோம், இன்னும் பிடிப்போம். அவை நம் உரிமை. ஆனால் பிறர் தடுத்த நீரைப் பற்றிப் பேசும் நாம், நம் காலடி நீரை நாமே அழிப்பதைப் பற்றிப் பேசினோமா? நிலத்தடி நீர் அண்டை மாநிலத்தார் கையில் இல்லை. நம் கையில் உள்ளது. அதை என்ன செய்தோம்?

ஆங்கிலேயன் 1882இல் இயற்றிய துணைநிலை உரிமைச் சட்டத்தின் வழியே, நிலம் எவனுடையதோ அதன் கீழ்நீரை இறைத்துக் கொள்ளும் உரிமையும் அவனுடையது என்னும் கருத்து இங்கே வேரூன்றிற்று. 2003இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் மாநிலம் முழுமைக்கும் நிலத்தடி நீர்ச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. அது செயலுக்கு வரவே இல்லை. 2013இல் அதை நீக்கியும் விட்டனர். பெருவில் சட்டம் நடைமுறையில் தோற்றது. இங்கே நடைமுறைக்கு வராமலே மாண்டது. 2020ஆம் ஆண்டுக் கணக்கீட்டில் தமிழ்நாட்டின் 1166 குறுவட்டங்களில் 400க்கும் மேற்பட்டவை, நிரம்புவதைவிட மிகுதியாக நீர் எடுக்கப்படுபவை எனக் கண்டறியப்பட்டன. கண்ணாடிப் புட்டியில் அடைத்து அயல்நாடு செல்லும் வெள்ளரிப் பிஞ்சு நம் மண்ணிலும் உடன்படிக்கை முறையில் விளைகிறது. ஏற்றுமதி தீது என்று நான் சொல்லவில்லை. கடல் கடந்து வாணிகம் செய்த இனம் நாம். ஆனால் எதை விற்கிறோம் என்று அறிந்து விற்றனர் நம் முன்னோர். பிஞ்சின் விலைதான் இன்று உழவனுக்குத் தெரிகிறது. அதனோடு போகும் நீரின் விலையை யாரும் அவனிடம் சொல்வதில்லை.

என்ன செய்வது? ஈக்கா சொல்லும் பாடங்களைத் தொகுத்து நான்கு கூறுகிறேன்.

முதலாவது, அளவு. ஒவ்வொரு படுகைக்கும் ஆண்டு வரவு எவ்வளவு என்று கணக்கிட்டு, மொத்தச் செலவுக்கு வரம்பு கட்டுக. கிணறுகளின் எண்ணிக்கைக்கு மட்டும் வரம்பு கட்டினால், இருக்கும் கிணற்றை ஆழமாக்கி ஏய்ப்பர்.

இரண்டாவது, வரிசை. குடிநீர் முதலில், சிற்றுழவன் உணவுப் பயிர் அடுத்து, பெரும்பண்ணையின் ஏற்றுமதிப் பயிர் அதன் பின். வறட்சியில் வெட்டு விழுவது கடைசியிலிருந்து தொடங்குக. கிணற்று உரிமத்தை நிலத்திலிருந்து பிரித்து விற்கவோ, நீரைக் குழாய் வழியே வேற்றிடம் கொண்டு செல்லவோ ஊர் இசைவின்றி இயலாதாகுக.

மூன்றாவது, கணக்கு. பெரும்பண்ணைகளின் துளைக்கிணறு ஒவ்வொன்றிலும் அளவி பொருத்துக. அதன் கணக்கு ஊர் மன்றில், தமிழில், எல்லாரும் படிக்க எழுதி ஒட்டப்படுக. அலுவலகப் பேழைக்குள் ஆங்கிலத்தில் உறங்கும் கணக்கு கணக்கன்று.

நான்காவது, அவை. அளப்பவன் எடுப்பவனாய் இருத்தல் ஆகாது. உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகள் ஏரி வாரியம் பற்றிப் பேசுகின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் வாரியத்துக்கு வர இயலாது; அவன் உறவினரும் இயலாது என்பது விதி. அவ் விதியை நாம் போற்றுவோம். ஆனால் அவ் வாரியம் நிலமுடைய பார்ப்பனர்க்கே உரியதாய் இருந்தது என்பதையும் மறைக்க மாட்டோம். ஏர் பிடித்தவர்க்கும் நாற்று நட்ட பெண்டிர்க்கும் சேரி மக்கட்கும் அதில் இடமில்லை. எனவே பழமையை அப்படியே பெயர்த்து நடுதல் வேண்டா. கணக்குக் காட்டும் ஒழுங்கைப் பழமையிலிருந்து எடுப்போம். நிலமற்றவர்க்கும் பெண்டிர்க்கும் அவையில் இடம் என்னும் முறைமையை நாமே படைப்போம். குடிமராமத்து என்னும் சொல்லில் மராமத்து அயற்சொல். குடி நம் சொல். அயற்சொல்லை நீக்குவதோடு நம் கடமை தீர்ந்துவிடவில்லை. குடி என்னும் சொல்லுக்குள் எல்லாக் குடியையும் கொண்டுவருதலே கடமை.

"முதலில் முழு உரிமை வரட்டும், நீர்ச்சட்டம் பின்னர்ப் பார்க்கலாம்" என்று நம் தோழர் சிலர் கூறக் கேட்டுள்ளேன். அவர்களை மறுத்தே இன்று பேசினேன். பெரு தனிநாடுதான். 1821 முதல் அதன் கொடி தனிக்கொடி. அதன் நீர் அதன் சட்டப்படி நாட்டுடைமை. இருந்தும் ஈக்காவின் குடியானவன் குடத்தோடு நிற்கிறான். கொடி மாறினால் கிணறு ஊறிவிடாது. உரிமை வரும் நாளில் நம் காலடியில் ஆள்வதற்கு நீர் இருக்க வேண்டும். தமிழ் வாழ்க என்று முழங்கும் நாவு நனைவதற்கேனும் அது வேண்டும்.

இங்கு வந்துள்ள இளைஞர்களிடம் ஒரே ஒரு வேலை கேட்கிறேன். இத் திங்களுக்குள் உங்கள் ஊரில் உள்ள கிணறுகளையும் துளைக்கிணறுகளையும் எண்ணுங்கள். எவ்வளவு ஆழம், பத்தாண்டுக்கு முன் எவ்வளவு ஆழத்தில் நீர் இருந்தது, இன்று எவ்வளவு, அந்நீர் எந்தப் பயிருக்குப் போகிறது, அப்பயிர் எந்தச் சந்தைக்குப் போகிறது என்று கேட்டு எழுதுங்கள். வற்றிய கிணறு யாருடையது, அவன் இப்போது என்ன தொழில் செய்கிறான் என்பதையும் எழுதுங்கள். தமிழில் எழுதுங்கள். அடுத்த கூட்டத்திற்கு அந்த ஏட்டோடு வாருங்கள். எவரும் அளக்காத நீரை எவரும் காக்க இயலாது.

தண்ணீர்விட்டான் என்று ஒரு கொடிக்குப் பெயரிட்ட இனம், தண்ணீர் விற்றான் என்னும் பெயரைத் தான் பெறாதிருக்கட்டும்.

வாழ்க தமிழ்! வாழ்க தமிழ் மண்ணும் அதன் கீழ் ஊறும் நீரும்!